மரப்பாட்டுக்கு விலாசம் தேடிய இராசநாயகம் அண்ணை

செவ்வாய்க்கிழமை பின்நேரம் நான்கு மணி இருக்கும். தபால் பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்துக்கொண்டிருந்தேன். மாங்குளம் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அக்கா, உங்கட பழைய போஸ்ற்மாஸ்ரர் பஸ் தரிப்பிடத்திலை இருந்தபடியே சரிஞ்சிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஏத்த முதலே முடிஞ்சுது. என்ர கடையிலை கதைச்சுக்கொண்டு நிண்டு பஸ்ஸை விட்டிட்டு, அடுத்ததிலை போறன் எண்டு சிரிச்சுக்கொண்டு போய் இருந்தவர்."

எனக்கு அழுகை வரவில்லை. "பஸ்ஸை விட்டிட்டோ இருந்தவர்?" என்று கேட்டேன். ஓம் என்றார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அதையே கேட்டேன். அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அந்தத் தம்பி நினைத்திருப்பார். ஏன் கேட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. இராசநாயகம் அண்ணையை அறிந்த உங்களிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் சிறிய தபாலகத்துக்கு அவர் அதிபராக இருந்த காலம் முழுவதும் நான் அவருக்குக் கீழே எழுதுவினைஞராக இருந்தேன். இருவருக்கும் சண்டை வராத நாள் குறைவு. நான் நேரம் பார்க்கிறவள், அவர் கதை பார்க்கிறவர். எவர் வந்தாலும் ஊர் எது, பழைய ஊர் எது, இடையில் எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் அண்ணை வீட்டுக்குப் போக வேண்டிய பஸ் போய்விடும். 'விலாசம் தெரியாது' என்று குத்துகிற முத்திரையை அவர் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். கடிதத்தைத் திருப்பி அனுப்புவோம் என்று நான் சொன்னால் முகம் சுருங்கும். "ஆள் எங்கையோ இருக்குது பிள்ளை. நாங்கள்தான் இன்னும் போய்ச் சேரேல்லை" என்பார். ஐந்து முறை ஆறு முறை இடம்பெயர்ந்த சனத்துக்குக் கடிதம் சேர்ப்பதென்றால் அப்படி ஒரு பிடிவாதம் வேண்டும்தான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

மரப்பாட்டு எங்களிடம் வந்தது முதியோர் கொடுப்பனவு நாள் ஒன்றில். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. வேலுப்பிள்ளை என்று ஒரு பழைய வண்டில்காரர், காடுகளிலிருந்து மரக்குற்றி ஏற்றிப் பிழைத்தவர், தூணில் சாய்ந்தபடி தன்பாட்டில் முணுமுணுத்தார்.

நிழலைத் தேடும் சின்னத்தம்பி
நிழலே வந்து மூடுது – இழு
இன்னும் ஒரு சாண்.

"இன்னும் ஒரு சாண்" என்கிற இடத்தில் வரிசையில் நின்ற கிழவர்கள் நாலைந்து பேர் கூடச் சொன்னார்கள். ஆளையாள் பார்க்கவில்லை. ஒருவருடைய முகத்திலும் சிரிப்பில்லை. தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போலச் சொன்னார்கள். வேலுப்பிள்ளை சட்டென்று வாயை மூடினார்.

இராசநாயகம் அண்ணை விடுவாரா? வரிசை முடிந்ததும் வேலுப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். அது குற்றி இழுக்கிற பாட்டு. பாலையும் முதிரையும் தறித்து வண்டில் நிற்கிற இடத்துக்குக் கயிறு போட்டு இழுக்கும்போது பாடுவது. மரம் தறிக்கிறவர்கள் காட்டுக்குள் தங்குகிற அந்த வாடியில் கயிறு இழுத்தவர்கள் ஒன்பது பேர். ஆளுக்கு ஓரடி. ஒவ்வொருவருடைய குணத்தையும் பகிடி பண்ணி யாரோ கட்டியது. நிழல் கண்ட இடத்தில் குந்துகிற சின்னத்தம்பி, எந்நேரமும் தண்ணீர் கேட்கிற கனகு, புதுப் பெண்சாதியைப் பார்க்க ஒருவருக்கும் சொல்லாமல் வாடியை விட்டு ஓடுகிற மகேசன். "நல்ல பகிடியாத்தான் இருந்தது" என்றார் வேலுப்பிள்ளை. "சின்னத்தம்பிக்கு மேலை மரம் விழுமட்டும்."

அதற்குப் பிறகு கனகு குளத்தில் போனார். மூன்றாமவர் காய்ச்சலில். மற்றவர்கள் பின்னால் வந்த பொல்லாத வருடங்களில் ஒவ்வொருவராக. ஒன்பது பேரில் ஒருவரும் மிச்சமில்லை. "எனக்கும் ஒரு அடி கட்டுங்கோ எண்டு வாடியிலை பொதுவாச் சொல்லித் திரிஞ்சனான். மூண்டு பேர் போனாப்போலை வேண்டாமெண்டிட்டன். அதாலை இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார். கட்டியது யார் என்று அண்ணை கேட்டதற்கு, "செத்த ஆக்களிலை ஒருத்தன்தான். ஆரெண்டு தெரியாது" என்றார்.

அன்று தொடங்கிய அலைச்சல் இரண்டு வருடம் நீண்டது. அண்ணை ஓய்வு பெற்றும் நிற்கவில்லை. சனி ஞாயிறுகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். புலம்புவேன், ஆனால் போவேன். ஒன்பது வீடுகளையும் தேடிப் பிடித்தோம். பாட்டென்றதும் சில வீடுகளில் படலையைச் சாத்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டியவன் மற்ற வீட்டுக்காரன் என்றார்கள்.

புதுக்குடியிருப்பில் ஒரு சிறிய பலசரக்குக் கடை. மகேசனின் மனைவி நடத்துகிறா. அவருக்கான அடி இப்படி:

சொல்லிப் போகா மகேசனுக்குச்
சோறு ஆறிக் கிடக்குது – இழு
இன்னும் ஒரு சாண்.

மகேசன் கடைசி யுத்தத்தின்போது ஒரு காலையில் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அண்ணை பாட்டைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா தராசை வைத்துவிட்டு எங்களை நேராகப் பார்த்தா. "அந்தப் பாட்டுப் பிழை. அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர். 'தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்' எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். கட்டின ஆளைக் கண்டால் அதை மாத்தச் சொல்லுங்கோ." கடைக்குப் பின்னால் குசினி தெரிந்தது. மூடி வைத்த ஒரு கோப்பைச் சோறு அங்கே இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பும் வழியில் அண்ணை ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அது.

அதுவரை ஒரு பொழுதுபோக்காகத் தேடியவர் அன்றிலிருந்து ஒரு கடமையாகத் தேடினார். ஆனால் வழியைக் கண்டது நான்தான். அதுவும் கோபத்தில். தபாலகத்து இரும்பு அலுமாரியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. நானும் தபால்காரரும் தள்ளுகிறோம். பார்க்க வந்த அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்று "இழு, இன்னும் ஒரு சாண்" என்று பாடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தள்ளாமல் நிக்கிற ஆளுக்குத்தான் பாட மூச்சு இருக்கும். எங்களுக்கு மூச்சு விடவே ஏலாமல் கிடக்குது" என்று கத்தினேன். அண்ணை பாட்டை நிறுத்தினார். அப்படியே தபால் பைக்கு மேலே இருந்துவிட்டார். "பிள்ளை, நாங்கள் இவ்வளவு காலமும், கயிறு இழுத்த ஆக்களின்ர வீடுகளிலை போய்க் கேட்டுக்கொண்டு திரியிறம்" என்றார்.

அன்றைக்கே வேலுப்பிள்ளையிடம் போனோம். வாடியில் கயிறு பிடிக்காத ஆள் யார் என்று கேட்டோம். அவர் தடியால் நிலத்தில் குத்திக் குத்தி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். "சமையலுக்கு ஒரு முஸ்லிம் நானா இருந்தவர். இளம் ஆள். அகப்பையோடை நிண்டு பாடுவார். காட்டுக்குள்ளை இறங்க முதல் பிள்ளையாருக்குக் கொப்பு முறிச்சு வைக்கேக்கை பாடுற அடியும் அவர்தான் முதல் எடுக்கிறவர். அவர் கட்டினது எண்டு நாங்கள் ஒருநாளும் நினைக்கேல்லையே. சமையல்காரர்தானே." தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு அவரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. அவர் இறந்திருப்பார் என்றுதான் வேலுப்பிள்ளை நினைத்திருந்தார். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, காட்டோரத்து ஊர் ஒன்றில் மகளோடு இருப்பதை மூன்று மாதத்தில் அண்ணை கண்டுபிடித்தார். ஊரின் பெயரையும் அவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் விளங்கும்.

அது பாலைப்பழக் காலம். வளவின் பின்வேலியிலிருந்தே காடு தொடங்கியது. நட்டநடுப் பகல், ஆனால் அந்த வீட்டில் ஒரு சத்தமில்லை. நானாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. மகள் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, எங்களை வாசலுக்குக் கூப்பிட்டு மெல்லச் சொன்னா. "வாப்பா ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். என்னையும் இல்லை, உம்மாவையும் மௌத்தாகுமட்டும் இல்லை. 'இஞ்ச' எண்டுதான். என்ர புள்ளைக்குப் பேர் வைக்கிற அண்டைக்குக் காட்டுக்குள்ளை போய் இருந்திட்டார்."

திரும்பி வந்த வருடம் நானா தனியாக, யாரென்று சொல்லாமல், ஒவ்வொரு வீடாகத் தேடிப் போயிருக்கிறார். "ஒன்பது வீட்டுக்கும் போனன். பாட்டிலை வந்த ஒருத்தனும் இல்லை. நான் கரிநாக்குக்காரன் ஐயா. சோறு போட்ட கையாலை நான் அவங்களுக்கு இதையும் போட்டிட்டன்" என்றார். குரலில் அழுகை இல்லை. கணக்கு முடிந்த ஆள் பேசுவதுபோல் பேசினார். எனக்கு எழும்பி ஓட வேண்டும்போல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த மனுஷன் என் பெயரைக் கேட்டுவிடக்கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இராசநாயகம் அண்ணை கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "நானா, எனக்கொரு அடி கட்டுங்கோ" என்றார்.

நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். நானா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். அண்ணை விடவில்லை. "கட்டுங்கோ. நான் ஒவ்வொரு பாலைப்பழத்துக்கும் உங்கட முற்றத்திலை வந்து நிண்டு காட்டுறன். நிண்டால் உங்கட நாக்கிலை பிழையில்லை." ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினார். இடையில் வீதியில் பஸ் ஒன்று போகிற சத்தம் கேட்டது. ஊருக்குத் திரும்ப எங்களுக்கு இருந்த ஒரே பஸ் அது. அதைக் கேட்டு நானாவின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. பழைய பகிடிக்காரன் ஒரு கணம் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. மெல்லிய குரலில் கட்டினார்:

பாட்டுத் தேடும் போஸ்ற்மாஸ்ரர்
பஸ்ஸை விட்டு நிக்கிறார் – இழு
இன்னும் ஒரு சாண்.

அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். வேலிக்குப் பின்னால் காட்டுக்குள் ஏதோ ஒரு கொப்பு முறிந்தது. குரங்காக இருக்கும். நானும் நானாவும் மட்டும்தான் அந்தப் பக்கம் திரும்பினோம்.

திரும்பும்போது லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்தோம். வழிநெடுகத் திட்டினேன். "விசரோ உங்களுக்கு? வீட்டிலை மனிசி இருக்கிறா, பேரப்பிள்ளையள் இருக்கினம்." அதற்கு அவர் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "அந்தக் காலத்திலை இஞ்ச நிண்ட எந்த ஒன்பது பேரின்ர பேரை எழுதினாலும் இதுதான் பிள்ளை கதை. காலம் செய்ததை, பாவம், அந்த மனுசன் தன்ர நாக்கிலை போட்டுக்கொண்டு திரியிறார்."

எட்டு வருடம் தவறாமல் போனார். மகேசன் மனைவியின் செய்தியையும் இரண்டாம் முறை போனபோது கொடுத்தார். நானா அந்த அடியை மாற்றிக் கட்டினார், 'சொல்லிப் போன மகேசனுக்கு' என்று. அதை அண்ணை புதுக்குடியிருப்புக் கடையில் பாடியபோது அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தா. மூன்றாம் வருடம் நானா சமைக்கும்போது முணுமுணுக்கிறார் என்று மகள் சொன்னா. போன வருடம் அண்ணை அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, மனுசன் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிட்டார். நான் என்ர காதாலை கேட்டனான்."

அந்த அண்ணைதான் இந்த வருடம், பழம் பழுக்கத் தொடங்குகிற நேரத்தில், பஸ்ஸை விட்டுவிட்டு இருந்த இடத்தில் போனார். இருதயம் என்றார் வைத்தியர். பத்து வருடமாக அவருக்கு இருதய வருத்தம். பஸ்ஸை அவர் விடாத நாளே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் செத்தவீட்டில் நின்றேன். சுடலையில் பெட்டியைச் சிதையில் ஏற்றும்போது கொஞ்சம் தட்டியது. தூக்கியவர்களில் யாரோ மூச்சு வாங்கியபடி "இன்னும் ஒரு சாண்" என்றார். யார் சொன்னது என்று பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். நாங்கள் இல்லை என்றார்கள்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை நான் நானாவின் ஊருக்குப் போனேன். முற்றத்தில் யாராவது வந்து நிற்காவிட்டால் அவருக்கு விளங்கிவிடும். வந்து உண்மையைச் சொன்னாலும் அதே கதிதான். பேத்தியின் பெயர் மறுபடியும் அவருடைய வாய்க்குள் போய்விடும். வழி முழுவதும் அண்ணையைத் திட்டினேன். செத்த பிறகும் எனக்கு வேலை வைத்துவிட்டுப் போன மனுஷன்.

படலையடியில் ஸ்கூட்டியை நிற்பாட்டினேன். என் ஒருத்தியின் நடைச் சத்தம்தான் நானாவுக்குக் கேட்டது. "அவர் வரல்லையா?" என்றார். பிறகு தானாகவே, "மௌத்தா?" என்றார். நான் ஓம் என்றேன். இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே திரும்புகிறோம் என்று அவர்கள் ஓதுகிறதை மெல்ல ஓதினார். உதடு மட்டும் அசைந்தது.

"எப்பிடி மகள்?"

"வீட்டிலை. கட்டில்லை. நித்திரையிலையே போட்டார்."

"பஸ் ஒண்டும்..."

"பஸ்ஸோ? ஒரு மாதமா வெளியிலையே வெளிக்கிடேல்லை நானா. காலிலை வீக்கம்."

நான் முப்பது வருடம் அரசாங்கத்துக்கு முத்திரை குத்தியவள். ஒரு கடிதத்துக்கும் பொய்த் திகதி போட்டதில்லை. அன்று வாய் தன்பாட்டில் சொன்னது. தேநீரோடு வந்த மகள் வாசலில் நின்றுவிட்டா. அண்ணை எப்படிப் போனார் என்பது அவவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று கண்ணைப் பார்த்தே அறிந்தேன். ஒன்றும் சொல்லாமல் கோப்பையை என் கையில் வைத்தா.

நானா நீண்ட ஒரு மூச்சு விட்டார். "அப்ப என்ர அடி பிழைச்சுப்போச்சு" என்றார். முகம் முழுவதும் நனைந்திருந்தது, ஆனால் சிரித்தார். "எட்டு வருசம் நிண்டு காட்டினார். சொன்னபடி நிண்டார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், உங்களுக்கும் ஒண்டு கட்டட்டுமா?"

நாற்பது வருடத்துக்கு மேலான காலத்தில் அவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் முறை. வேண்டாம் என்றால் நான் பயப்படுகிறேன் என்று தெரியும். நான் பயந்தால் பொய்யும் தெரியும். உள்ளுக்குள்ளே பேத்தி ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் நானா, கட்டுங்கோ" என்றேன்.

"வரக்குள்ள மோட்டச்சைக்கிளப் பூட்டிப்போட்டு ரெண்டு தரம் திரும்பி வந்து இழுத்துப் பாத்தீங்க. சத்தம் கேட்டிச்சி. ஆபீசுக் கதவையும் அப்பிடித்தானா?" என்று கேட்டார். அப்படித்தான், எல்லோரும் அதற்கு என்னைப் பகிடி பண்ணுவார்கள் என்றேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

பூட்டிப் போன கதவைத் தங்கை
திரும்பி வந்து பாக்கிறா – இழு

உள்ளேயிருந்து பேத்தி சிரித்துக்கொண்டு "இன்னும் ஒரு சாண்" என்று முடித்தாள்.

உங்களில் யாராவது அந்த வீட்டை ஊகித்துப் போனால், இராசநாயகம் அண்ணை கட்டிலில், நித்திரையில் போனார் என்று சொல்லுங்கள். அவருக்குச் செய்கிற அஞ்சலி அதுதான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு 'கட்டுங்கோ'. அதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார், நான் நடுங்கிக்கொண்டு சொன்னேன். இப்போது பின்நேரங்களில் தபாலகத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீதிக்கு வரப் பழகுகிறேன். இன்னும் சரிவரவில்லை. பிரஷர் குளிசையை ஒரு நாளும் மறப்பதில்லை. அடுத்த பாலைப்பழத்துக்கு நான் அந்த முற்றத்தில் போய் நிற்க வேண்டும்.